இடி இடித்தால் அணைக்கக் கூடாத பெட்டி

அக்டோபர் 25, சனி

எங்கள் கம்பெனி மோசஸ் சார் இந்த டைரியைக் கையில் திணித்து, "மேல என்ன செட்டிங், கீழ என்ன செட்டிங், தேதி போட்டு எழுதணும். கதை எழுதப்படாது" என்றார். சரி, செட்டிங் எழுதுகிறேன். மற்றதையும் எழுதுவேன். நாகர்கோவிலில் அவருக்கு இருக்கிற வேலையில் இதைப் படிக்கவா போகிறார்?

வேலை இதுதான். மூங்கிலடி அருவிக்கு மேலே காட்டுப்பாதையில் நாலு கிலோமீட்டர் ஏறினால் முட்டுப்பாறை தடுப்பணை. அங்கே ஒரு பெட்டி. தண்ணீர் எவ்வளவு உயரம் என்று அளந்து, நிமிஷத்துக்கு ஒரு வரியாக ரேடியோவில் கீழே அனுப்பும். அருவிக்குப் பக்கத்தில் போலீஸ் பூத் மாடியில் இன்னொரு பெட்டி. அது அந்த வரியைப் படித்து, ஒன்று எண்பது மீட்டரைத் தாண்டினால் சைரனை அலறவிடும். தடுப்பணையைத் தாண்டிய வெள்ளம் அருவிக்கு வர பதினோரு நிமிஷம் ஆகும். அதற்குள் குளிக்கிறவர்கள் எல்லாரும் மேலே ஏறிவிடலாம்.

கார்த்திகை ஒன்று, அதாவது நவம்பர் 17, அருவியைத் திறக்கிறார்கள். மாலை போட்டவர்கள் விடியும் முன்பே வந்து குவிவார்கள். சைரன் இருந்தாலும் திறப்பார்கள், இல்லாவிட்டாலும் திறப்பார்கள். இல்லையென்றால் இரண்டு வருஷத்துக்கு முந்தி இருந்த மாதிரி ஒரு போலீஸ்காரர், ஒரு விசில்.

கனி அக்கா கடை அருவிக்கு நேர் கீழே, படிக்கட்டிலிருந்து ஆறாவது. நேந்திரம் சிப்ஸ், சீயக்காய்த்தூள், துண்டு.

அக்டோபர் 26, ஞாயிறு

மேலே ஏறினேன். முதுகில் லேப்டாப், கேபிள், ஸ்பேனர். கையில் அக்கா கொடுத்த நல்லெண்ணெய் பாட்டிலும் கட்டிக்கொள்ள ஒரு சாரமும். "அந்த மனுசன்ட்ட குடு. தலைக்குத் தேய்ச்சி எத்தன நாள் ஆச்சோ" என்றாள்.

அந்த மனுசன் மாகாளி. அக்கா வீட்டுக்காரர். தடுப்பணையில் காவலாள், தகரக் கொட்டகையில் தங்கல். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து ஞாயிறு விடிவதற்குள் ஏறிவிடுவார். கடைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். மலைதான் பிடிக்கும்போல. எனக்கென்ன.

"வா மாப்ளே! சாப்டியா?"

"ம்."

"ம்-னா சாப்டியா, சாப்பிடலியா?"

பெட்டியைத் திறந்தேன். மூடி உள்பக்கம் திருநீறு பூசி வைத்திருக்கிறார். மாட்டி இரண்டு நாள்தான் ஆகிறது.

மோசஸ் சாருக்காக: அளவுப் பெட்டி பழைய மாடல். வினாடிக்கு 1200 பிட் வேகத்தில்தான் பேசும். ஏழு பிட், ஈவன் பாரிட்டி, ஒரு ஸ்டாப் பிட். ரேடியோவோ கம்பெனியிலிருந்து வரும்போதே 9600, எட்டு பிட், பாரிட்டி கிடையாது. ஒருத்தர் நின்று நிதானமாகப் பேச, கேட்கிறவர் பேயாய்ப் பறந்தால் என்ன விளங்கும்? கீழே வருவது கோழி கிண்டின மாதிரி இருக்கும். அதனால் ரேடியோவின் சீரியல் போர்ட்டையும் 1200, ஏழு, ஈவன், ஒன்று என்று மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு மூன்று கூட்டல் குறி தட்டி, ஒரு வினாடி எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் ரேடியோ 'ஓகே' என்று பதில் சொல்லும். அந்த ஒரு வினாடி சும்மா இருப்பதுதான் எனக்கு வராத காரியம். நாலாவது தடவை வந்தது.

பெட்டியில் ஒரு பச்சை பட்டன் உண்டு. அழுத்தினால் எண்ணுக்குப் பதிலாக 'டெஸ்ட்' என்று ஒரு வரி கீழே போகும். "தினம் காலைல ஆறு மணிக்கு ஒருதடவ அழுத்துங்க. ஒரேஒரு தடவ" என்றேன்.

"அழுத்தினா அங்கன கனிக்குத் தெரியுமா?"

"பூத்துல ஸ்கிரீன்ல தெரியும்."

அவர் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது ஒரு பொட்டலம் மலைநெல்லி தந்தார், அக்காவுக்கு.

அக்டோபர் 27, திங்கள்

காலை 06:00, டெஸ்ட். வந்துவிட்டது!

நேற்று நான் சொன்னதிலிருந்து அக்காவுக்கு நிலைகொள்ளவில்லை. பூத் மாடிக்கு இருபத்திரண்டு படி. கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறி வந்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"இதா?"

"இதான்."

"எந்திரிச்சாச்சு மகராசன்" என்று சொல்லிவிட்டு அதே மாதிரி இறங்கிப் போனாள். இதற்கு நாற்பத்து நாலு படி.

சாயங்காலம் மூன்றே முக்காலுக்கு எண்கள் நின்றன. ஐம்பது நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது, கோழி கிண்டினது.

அக்டோபர் 28, செவ்வாய்

ஏறினேன். ரேடியோ 9600-க்குத் திரும்பியிருக்கிறது. மறுபடி 1200 வைத்தேன். சரியாகிவிட்டது. இறங்கினேன். மரச்சீனிக் கிழங்கு மூன்று கிலோ, அக்காவுக்கு.

அக்டோபர் 30, வியாழன்

நேற்று சாயங்காலமும் நின்றது. இன்று ஏறினேன். கேபிள் மாற்றினேன். அக்காவிடமிருந்து மேலே: ரசப்பொடி, பேட்டரி கட்டை இரண்டு, "ரேடியோல பாட்டுக் கேக்கச் சொல்லு." அவரிடமிருந்து கீழே: தேன், "நல்ல தேன்னு சொல்லு, சீனிப்பாகு இல்ல." நான் ரேடியோ மாட்ட வந்தவனா, இவர்களுக்குத் தபால்காரனா?

நவம்பர் 1, சனி

நின்றது. மோசஸ் சார் போனில், "ஏலே, மின்னல்ல ரேடியோ கிறுக்குப் பிடிக்கும். ஆன்டெனா ஒயரச் சுத்தி ஃபெரைட் வளையம் போடு" என்றார். ஏறிப் போட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை இல்லை. இடி இல்லை. நிற்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

இடி. நின்றது. ஏறி, ஃபெரைட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

அக்கா கடையில் நாற்காலியில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உனக்கு இந்த வேலை தெரியுமாலே, தெரியாதா?"

"தெரியும்."

"மூணு வருசம் படிச்சியே, அங்க சொல்லிக் குடுக்கலியா?"

"நாலாவது வருசம் சொல்லிக் குடுத்திருப்பானுவ."

அவள் முகம் மாறிவிட்டது. நான் சும்மா சொன்னேன். காலேஜ் எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். ஒரே இடத்தில் உட்கார முடியாது எனக்கு. அந்த வருஷம் கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் உண்மைதான், ஆனால் அது வேறு விஷயம்.

திரும்பச் சேரும் விண்ணப்பத்தை யாரிடமோ சொல்லி வாங்கி, பெயரிலிருந்து எல்லாம் நிரப்பி, என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கையெழுத்து மட்டும் பாக்கி. தலையணையை மாற்றிக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

இன்று நீளமாக எழுத வேண்டும்.

பாரிட்டியைச் சரிபார்க்க மறுபடி ஏறினேன். எல்லாம் முடித்து மூன்றரைக்கு இறங்கப் பார்த்தால் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. "இரு மாப்ளே, ஒரு மழ அடிச்சு ஓயட்டும்" என்றார். கொட்டகையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தேன்.

முதல் இடி. தூரத்தில்தான், லேசாக. இவர் டம்ளரை வைத்துவிட்டு வெளியே ஓடினார். நான் எட்டிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்தார். சுவிட்சை அணைத்தார். ஆன்டெனா ஒயரைத் திருகிக் கழற்றினார். சோலார் ஒயரைப் பிடுங்கினார். பெட்டிக்கு மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கல் வைத்தார். இதெல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பழகின கை.

நனைந்துகொண்டு வந்து, "இனிமே பயம் இல்ல" என்றார்.

பத்து நாள். ஆறு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்.

"தெனமும் இப்படித்தானா?"

"பின்ன? இடி இடிச்சா எதயாவது போட்டு வெப்பாவளா? ஊர்ல டிவியக் கழட்டிப் போடமாட்டியா? போன வருசம் வேற கம்பெனிக்காரன் வெச்ச பெட்டி இடியில கரிக்கட்டையாப் போச்சு. என்னையக் கூப்ட்டு மூணு தடவ விளக்கம் எழுதிக் குடுன்னானுவ. அதான் இத ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிடுதேன். ஒரு பொட்டுத் தண்ணி படல பாரு."

"நீங்க இடி இடிக்கும்போது அணைக்கீங்க."

"ஆமா."

"வெள்ளம் எப்ப வரும்?"

"மழ பெஞ்சா வரும்."

"மழ எப்பப் பெய்யும்? இடி இடிக்கும்போதுதான பெய்யும்! இந்தப் பெட்டிக்கு மத்த நேரம் என்ன ஜோலி? காலைல டெஸ்ட்டு அனுப்பி அக்காவுக்கு வணக்கம் சொல்றதுக்கா வெச்சிருக்கு? இடி இடிக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இது. அதுக்கு மட்டுந்தான்!"

கத்திவிட்டேன். அவர் பாயில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருசம் முந்தி அந்த வெள்ளம் வந்த அன்னைக்கு இங்க ஒண்ணும் கெடையாது மாப்ளே. போனும் கேக்காது. தண்ணி அணைக்கு மேல போகுதுன்னு பாத்தவொடன ஓடுனேன். தண்ணிக்கு முன்னால ஓடிரலாம்னு நெனச்சேன் பாரு, கிறுக்கன். நாப்பது நிமிசம். நான் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சி கால் ஒடிஞ்ச கனியக் கட்டில்ல வெச்சித் தூக்கிட்டுப் போறாவ." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அதுக்கப்பறம் அந்தக் கடையப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

எனக்கும் கொஞ்சம் கோபம் இருந்தது அவர்மேல், இரண்டு வருஷமாக. அந்த நாற்பது நிமிஷத்தை நான் ஓடிப் பார்த்ததில்லை. இறங்குவதற்கே எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

மழை விட்டதும் பெட்டியை மாட்டிப் போட்டோம். ரேடியோ 9600. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணைத்துப் போட்டால் செட்டிங் ஏன் போக வேண்டும்? கட்டளைப் பட்டியலைப் படித்தேன். மாற்றியதை நிரந்தரமாகச் சேமிக்கத் தனியாக ஒரு கட்டளை இருக்கிறது. நான் அதைத் தட்டவே இல்லை. ஒரு தடவைகூட. மாற்றினேன், வேலை செய்தது, லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்து குரங்கு எட்டிப் பார்த்தது. "அப்ப நான் அணைச்சது பாதி, நீ சேமிக்காதது பாதி. ஆளுக்குப் பாதின்னு வெச்சிக்கிடுவோம் மாப்ளே."

மேல் பெட்டி: 1200, ஏழு, ஈவன், ஒன்று. சேமித்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தது. வைத்தது வைத்தபடி இருக்கிறது.

நவம்பர் 8, சனி

மோசஸ் சாரிடம் சண்டை போட்டு இடிதாங்கியும் செப்புத் தகடும் வரவழைத்தேன். ஆறடிக் குழி. அத்தான் தோண்டினார், நான் கரியும் உப்பும் கொட்டினேன். "இனிமே இடி விழுந்தா இது வழியா மண்ணுக்குள்ள போயிரும். நீங்க தொடப்படாது. இடி இடிக்கும்போது பெட்டிப் பக்கமே போகப்படாது. கொட்டகைக்குள்ள இருக்கணும்."

"சரி."

"சத்தியமா?"

"கை பரபரங்குமே மாப்ளே."

"கைய மடக்கி உக்காருங்க."

நவம்பர் 11, செவ்வாய்

மூன்று ஐம்பத்திரண்டுக்கு இடி. எண்கள் நின்றன.

நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்ப வந்தன. எழுத்தெல்லாம் சுத்தமாக. என் பாதி சரியாகிவிட்டது. அவர் பாதி இல்லை.

அக்கா அப்போது பூத்தில்தான் இருந்தாள். காலியாகக் கிடந்த ஸ்கிரீனை நாற்பது நிமிஷமும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவரைத் திட்டப் போனேன். விடவில்லை.

"நீ மேல போயி ஒண்ணே ஒண்ணு சொல்லு. பெட்டி கருகினா வேற பெட்டி வரும். நான் போனா வேற கனி வரமாட்டா. வரவும் விடமாட்டேன்னு சொல்லு."

நவம்பர் 12, புதன்

ஏறினேன். சொன்னேன். "அப்படியேவா சொன்னா?" என்றார். அப்படியேதான் என்றேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது, வேலை இருக்கிறது என்று இறங்கிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

இடி இல்லை. அதிகாரிகள் வந்தார்கள். அளக்கும் கருவிக்கு அடியில் அத்தான் பலகையைப் பிடித்தார், தண்ணீர் ஏறினதாக அது நினைத்துக்கொண்டது, சைரன் அலறியது. கையெழுத்து போட்டார்கள். டீ குடித்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. எனக்கு இல்லை. இடி இடிக்கும்போது அந்தக் கை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது.

நவம்பர் 17, திங்கள், கார்த்திகை ஒன்று

06:00, டெஸ்ட்.

காலையிலிருந்து கூட்டம். கறுப்பு வேட்டி, நீல வேட்டி. அக்கா கடையில் துண்டு பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. மூன்று மணிக்கு அருவியில் முந்நூறு பேராவது இருப்பார்கள். மலை உச்சியில் மட்டும் கறுப்பு. இங்கே வெயில்.

நான் பூத் மாடியை விட்டு நகரவில்லை.

3:31, எண் 0.62. மேலே இடி கேட்டது. அடுத்த வரி வருமா என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

0.64.

இடி. 0.71. பெரிய இடி. 0.90. மேலே வெளுப்பாக ஒரு கோடு மரத்துக்குப் பின்னால் இறங்கியது, அணை இருக்கிற இடத்துக்கு நேராக. படபடவென்று ஒரு சத்தம். போயிற்று என்று நினைத்தேன்.

1.22.

1.55.

"அத்தான், தொடாதீங்க" என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்தில் ஏட்டையா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

1.84. சைரன்.

அதற்கப்புறம் எல்லாம் சத்தம். விசில், மைக், "சாமிமாரே, மேல ஏறுங்க, மேல ஏறுங்க!" வெயில் அடிக்கிறதே, எதற்கு என்று ஒரு சாமி கேட்டார். ஏட்டையா அவரைக் கையைப் பிடித்து இழுத்தார். நான் கடைக்கு ஓடினேன். கடை காலி. திரும்பிப் பார்த்தால் அக்கா எனக்கு முந்தியே படியில் பாதி ஏறியிருந்தாள். இடுப்பில் சிப்ஸ் டப்பா.

"டப்பாவப் போட்டுட்டு வாக்கா!"

"நேத்துப் பொரிச்சதுலே!"

டப்பாவை நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். நான் பின்னாலேயே ஏறினேன். அவசரப்படுத்தவில்லை. நேரம் இருந்தது. முதல்முறையாக நேரம் இருந்தது.

சைரன் ஊதிப் பன்னிரண்டாவது நிமிஷம் அருவி செம்மண் நிறத்தில் பாய்ந்தது. எங்கள் கடை பெஞ்சும் பக்கத்துக் கடைப் பலகையும் போயின. ஆள் ஒருத்தர்கூட இல்லை கீழே. சாமிமார் எல்லாரும் சரணம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அக்கா ஒன்றையும் பார்க்கவில்லை. பூத்துக்குள் வந்து ஸ்கிரீன் முன்னால் நின்றாள். 2.31. 2.36.

"எண்ணு வருது."

"வருதுக்கா. தொடாம இருந்திருக்காரு."

"பெட்டி இருக்கு, சரி. மனுசன் இருக்காரா?"

அந்த வெளுப்புக் கோட்டை அவளும் பார்த்திருக்கிறாள். மேலே போன் கேட்காது. பெட்டி எண் மட்டும்தான் சொல்லும். 2.30. 2.18. மழை குறைகிறது, தண்ணீர் இறங்குகிறது, எல்லாம் சொல்கிறது. ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பட்டன் காலை ஆறு மணிக்கு, ஒரேஒரு தடவை. நான்தான் சொன்னேன்.

மேலே ஏறப்போகிறேன் என்று கிளம்பினேன். ஏட்டையா விடவில்லை. அக்கா நாற்காலியில் உட்காரவும் இல்லை.

4:47, டெஸ்ட்.

டெஸ்ட்.

டெஸ்ட். டெஸ்ட். ஏழு தடவை!

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "ஒருதடவ அழுத்தினாப் போதும்னு நீ சொல்லிக் குடுக்கலியா?" என்றாள், குரல் ஒரு மாதிரி.

"சொன்னேன். கை பரபரன்னு இருந்திருக்கும்."

நவம்பர் 18, செவ்வாய்

06:00, டெஸ்ட். அப்புறம் ஒன்பது மணிக்கு ஆளே வந்துவிட்டார். நேரே கடைக்கு. தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தது. கடை வாசலில் கொஞ்சநேரம் நின்றார். உள்ளே வந்தார். பெஞ்சு இருந்த இடத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, "இத கொஞ்சம் மேல தூக்கிப் போடணும்" என்றார்.

"போடுங்களேன். யாரு வேண்டாம்னா?" என்றாள் அக்கா. ரப்பர் பேண்ட் போடும் கை நிற்கவே இல்லை.

நேற்றைக் கதையெல்லாம் சொன்னார். கொட்டகையில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாராம். மின்னல் பாறைப் பக்கத்துத் தேக்கில் விழுந்ததாம். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இடி ஓய்ந்து, எண்ணி நூறு சொல்லிவிட்டுத்தான் பட்டனுக்குப் போனாராம்.

"எத்தன வந்துது மாப்ளே?"

"ஏழு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எட்டுல்லா அழுத்துனேன்."

"ஏழுதான் வந்துச்சு அத்தான்."

"அந்த எட்டாவது எங்க போச்சு?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அடுத்தடுத்து அழுத்தியதில் பெட்டி ஒன்றை விழுங்கியிருக்கும். ஆனால் விழுங்கக் கூடாது. எட்டு அழுத்தினால் எட்டு வர வேண்டும். நாளை ஏறிப் பார்க்கிறேன்.

மோசஸ் சாருக்காக: மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி இரண்டும் 1200, ஏழு, ஈவன், ஒன்று. சேமித்தது.

தலையணைக்கு அடியில் இருந்ததை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கடைசி நாள் 28. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு சிப்ஸ் டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டாள். வெள்ளம் வந்தால் முதலில் அதைத்தான் தூக்குவாளாம்.